ஸ்ப்ளிட்டர் வாங்கிடாதீங்க தம்பி

மாடி ரூமுக்கு ரவுட்டர்லேருந்து ஒரே ஒரு நெட்வொர்க் கேபிள்தான் வருது, உங்க கம்ப்யூட்டர், ரூம்மேட் கம்ப்யூட்டர், ஒரு டிவி, மூணுக்கும் ஸ்ப்ளிட்டர் போட்டுப் பிரிச்சுக்கலாமான்னு கேட்டிருக்கீங்க. எந்த பிளான் நல்லது, வாடகை அக்ரிமென்ட்ல என்ன பார்க்கணும்னும் கேட்டிருக்கீங்க. அதெல்லாம் வீட்டுக்காரர்கிட்ட பேசிக்கோங்க. ஸ்ப்ளிட்டர்ங்கற வார்த்தையைப் பார்த்ததும்தான் எனக்குக் கை பரபரத்துடுச்சு.

நாடு விட்டு வந்து நான் வாங்கின முதல் சாமானே அதுதான். ஒரு வாய் உள்ளே, ரெண்டு வாய் வெளியே. என் லேப்டாப்பை மட்டும் சொருகினா ஓடும். ரூம்மேட்டும் சொருகினா ரெண்டு பேருக்கும் போயிடும். "நீ பிடுங்கு, ஒரு மெயில் அனுப்பிட்டுத் தர்றேன்"னு ஒரு வாரம் ஓட்டினோம். தண்ணிக் குழாய் மாதிரி இதைக் கிளை பிரிக்க முடியாது. கேபிளோட இந்த முனையும் அந்த முனையும்தான் பேசிக்கும், நடுவுல மூணாவது ஆள் நுழைஞ்சா ரெண்டு பேச்சும் கெடும். உள்ளே இருக்கற 8 கம்பியை ரெண்டு ரெண்டு ஜோடியா பிரிக்கற வகை ஒண்ணு உண்டு. அதை ரெண்டு முனையிலும் மாட்டணும், வேகமும் 100 மெகாபிட்டோட நின்னுடும். ஜிகாபிட்டுக்கு, அதாவது 1000 மெகாபிட்டுக்கு, 4 ஜோடியும் வேணும்.

5 போர்ட் நெட்வொர்க் ஸ்விட்ச் ஒண்ணு வாங்குங்க, ஒரு கேபிள்ல வர்ற நெட்டைப் பல சாமானுக்கும் பிரிச்சுக் கொடுக்கற சின்னப் பெட்டி, 5 போர்ட்னா கேபிள் சொருக 5 வாய். கரண்ட் கொடுத்து, ஒரு போர்ட்ல வர்ற கேபிள், மத்ததுல உங்க மூணும். செட்டிங்னு ஒண்ணும் கிடையாது. ஆனா ஒரே கேபிளோட ரெண்டு முனையையும் அதே ஸ்விட்ச்ல சொருகிடாதீங்க, மொத்த வீட்டு நெட்டும் திணறிப் படுத்துடும்.

முக்கியமா, நம்ம ஆளுங்க யாராவது "பழைய ரவுட்டர் சும்மா கிடக்கு, ஸ்விட்சும் அதுவும் ஒண்ணுதான்"னு தந்தா அப்படியே மாட்டாதீங்க. எனக்கு ஒரு சீனியர் தந்தார். பத்து வருஷம் முன்னாடி வந்துட்டா எல்லாம் தெரியும்னு ஒரு நினைப்பு. மாட்டிட்டுத் தூங்கிட்டேன். ராத்திரி முழுக்க அது கேட்டவங்களுக்கெல்லாம் தன் இஷ்டத்துக்கு ஐபி முகவரி, அதாவது நெட்வொர்க்ல ஒவ்வொரு சாமானையும் அடையாளம் காட்டற நம்பர், கொடுத்திருக்கு. காலையில வீட்ல யாருக்கும் நெட் இல்ல. பக்கத்து ரூம் பையனுக்கு அன்னிக்கு வீடியோ இன்டர்வியூ. அதுல இப்படி முகவரி கொடுக்கற வேலையான டிஹெச்சிபியை அணைச்சு, அந்த ரவுட்டரோட சொந்த முகவரியை மாத்தி, வீட்டுச் சாமான்களைச் சொருகற லேன் போர்ட்ல மட்டும் சொருகியிருக்கணும். அதைச் சொல்ல வேண்டிய சீனியர், டிஹெச்சிபிங்கற பேரைக் கேட்டதும் சிரிச்சுட்டுப் போயிட்டார். வீட்டுக்காரர்கிட்ட திட்டு வாங்கினது நான்.

அந்த வீம்புலதான், நானே கேபிள் முனையில கனெக்டர் மாட்ட, கிரிம்பிங் டூல் வாங்கினேன். அந்த 8 கம்பியில பச்சை ஜோடியைப் பிரிச்சு நடுவுல நீல ஜோடியை வைக்கணும்னு தெரியாம ஒரு பை கனெக்டர் குப்பைக்குப் போச்சு. வெள்ளை-ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளை-பச்சை, நீலம், வெள்ளை-நீலம், பச்சை, வெள்ளை-பழுப்பு, பழுப்பு: தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். அந்த வீட்டைக் காலி பண்றதுக்கு ஒரு வாரம் முன்னாடி, திட்டின அதே வீட்டுக்காரர் கதவைத் தட்டி, பின்பக்க ரூமுக்கும் ஒரு லைன் இழுத்துத் தர முடியுமான்னு கேட்டார்.