அப்பாவிடம் வெப்பநிலை பேச வேண்டாம்

கேள்வி: கீழக்கரைக்கு அருகே ஒரு மீனவ ஊர் எங்களுடையது. கல்லூரியில் படிக்கிறேன். வலை காயப்போடும் இடம் வரை இப்போது அலை வருகிறது. காலநிலை மாற்றம் என்று பேச்செடுத்தால், "கடல் என்னிக்குடா ஒரே மாதிரி இருந்துச்சு?" என்கிறார் அப்பா. டீக்கடையில் சிரிக்கிறார்கள். ஓட்டுக் கேட்டு வந்தவர்களில் ஒருவர்கூட அதைப் பற்றி வாய் திறக்கவில்லை. இந்த ஜனங்களை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

பதில்: தம்பி, "இந்த ஜனங்கள்" என்று எழுதிவிட்டீர்களே, அதில் எனக்குக் கொஞ்சம் வருத்தம்தான்.

அப்பா சொன்னதில் பாதி உண்மை. 1964 டிசம்பர் புயலில் ஒரே இரவில் தனுஷ்கோடி போனதைக் கண்ட கரை இது. கடல் ஏறுகிறது என்றால் இங்கே யார் திடுக்கிடப் போகிறார்கள்? மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளில் உங்கள் பக்கத்துப் பூவரசன்பட்டித் தீவு மூழ்கியதற்கும் கடல் மட்டத்தை மட்டும் குறை சொல்ல முடியாது. சுண்ணாம்புக்கும் வீட்டுக்கும் பவளக் கல்லை வெட்டி எடுத்தவர்கள் நாம்தான். என் தாத்தா வீட்டுச் சுவரிலும் அந்தக் கல் உண்டு.

ஆனால் 1998, 2010, 2016 கோடைகளில் கடல் சூடேறிப் பார் (கடலடிப் பவளத் திட்டு) வெளுத்ததே, அதற்கு யாரும் கடப்பாறை எடுக்கவில்லை. அந்தச் சூட்டுக்கான புகையில் உங்கள் ஊர் வள்ளங்களின் பங்கு எவ்வளவு இருந்துவிடும்? அப்பாவுக்குக் கோபம் வரவேண்டிய இடம் அது. அவரிடம் வெப்பநிலைக் கணக்குப் பேசாதீர்கள். கச்சான் காற்று முன்பு எப்போது தொடங்கும், எந்தப் பாரில் என்ன மீன் பட்டது என்று கேளுங்கள். இரண்டு மணி நேரம் பேசுவார். பேசப் பேச எழுதிக்கொள்ளுங்கள்.

அரசியல்வாதிகள் விஷயம் வேறு. கரையூர்களில் அவர்களிடம் வழக்கமாகக் கேட்பது தூண்டில் வளைவு, அதாவது கரையிலிருந்து கடலுக்குள் நீளும் கல் தடுப்பு. கல் கொட்டினால் கண்ணுக்குத் தெரியும், அடிக்கல்லும் திறப்பு விழாவும் ஐந்து வருடத்துக்குள் அடங்கிவிடும். நிகரப் பூஜ்ஜிய உமிழ்வுக்கு, அதாவது விடுகிற கரிப்புகையும் திரும்ப உறிஞ்சப்படுவதும் சமமாவதற்கு, இந்தியா 2021-ல் கிளாஸ்கோவில் குறித்த ஆண்டோ 2070. நடுவில் பத்து மக்களவைத் தேர்தல்! அதற்கு யாரைப் பிடித்துக் கேட்பது? தூண்டில் வளைவிலும் ஒரு சங்கடம் இருக்கிறது. கரையோரமாக நகரும் மணலை அது மறிப்பதால் ஒரு பக்கம் மணல் சேரும், மறுபக்கம் அரிக்கும். உங்கள் ஊர் தப்பினால் பக்கத்து ஊர் மாட்டிக்கொள்ளும். அங்கேயும் உங்களுக்குச் சொந்தபந்தம் இருக்குமே?

அதனால் வேண்டாம் என்று சொல்லவில்லை. கல் கொட்டுமுன் இரண்டு பக்கமும் கரை என்ன ஆகும் என்று ஆராய்ந்து, அந்த அறிக்கையை ஊரில் தமிழில் படித்துக் காட்டச் சொல்லிக் கேளுங்கள். தமிழ்நாடு காலநிலை மாற்ற இயக்கம் 2022-ல் தொடங்கியது. மாவட்ட அளவில் அதற்குப் பொறுப்பு ஆட்சியர். அவரிடம் போகும் மனுக்களில் அந்த இயக்கத்தின் பெயர் எத்தனையில் இருக்கும் என்று நினைக்கிறீர்கள்?

அடுத்த கிராம சபையில் இந்த ஆய்வுக் கோரிக்கையைத் தீர்மானமாக வையுங்கள். அப்புறம் ஆட்சியர் அலுவலகத்தில் மீனவர் குறைதீர்க்கும் கூட்டம் நடக்கும் நாளில் அப்பாவையும் கூட்டிக்கொண்டு போங்கள். மனு உங்கள் கையெழுத்தில் இருக்கட்டும், கொடுப்பது அவராக இருக்கட்டும். ரசீது வாங்க மறந்துவிடாதீர்கள்.