லோக்கியும் நெருப்பும் – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

ஸ்காண்டிநேவியப் புராணங்கள் பற்றிய உங்கள் கட்டுரையில் லோக்கியைச் சூழ்ச்சிக்காரன் என்று மட்டுமே குறிப்பிட்டிருந்தீர்கள். ஜெர்மன் இசையமைப்பாளர் வாக்னரின் இசைநாடகத்தில் அவன் நெருப்பாகவே வருகிறான். அவன் பெயருக்கு நெருப்பு என்பதுதான் பொருள் என்றும் படித்திருக்கிறேன். அது சரியா?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

நெருப்பைக் குறிக்கும் பெயர் அப்புராணங்களில் உண்டு. ஆனால் அது வேறொருவனுடையது. தமிழில் இரு பெயர்களையும் ஒன்றுபோல எழுதிவிட நேர்வதால், வல்லொலி உடைய தேவனை லோக்கி என்றும், மெல்லிய ககரம் உடைய மற்றவனை லோகி என்றும் இங்கே பிரித்து எழுதுகிறேன்.

ஐஸ்லாந்தில் 1220ஆம் ஆண்டையொட்டி ஸ்நோரி ஸ்டுர்லுசன் தொகுத்த 'எட்டா' என்னும் புராண நூலில் இவ்விருவரும் நேருக்கு நேர் மோதுகிறார்கள். மரத்தொட்டி நிறைய இறைச்சியை வைத்து, இரு முனைகளிலும் அமர்ந்து உண்ணும் போட்டி அது. நடுவில் சந்திக்கும்போது லோக்கி எலும்பை மட்டும் விட்டுவைத்திருக்கிறான். லோகியோ இறைச்சியோடு எலும்பையும் தொட்டியையும் சேர்த்தே தின்று முடித்திருக்கிறான். அவன் காட்டுத்தீ என்பது பிறகுதான் தெரியவருகிறது. லோக்கியே நெருப்பாக இருந்திருந்தால் இந்தக் கதைக்கு உயிரே இருந்திருக்காது என்பது என் எண்ணம்.

லோகி என்ற சொல் சுடரைக் குறிப்பது. ஜெர்மனின் 'லோஹெ' அதன் உறவு, ஒளிர்தலைக் குறிக்கும் வடமொழி 'ருச்' என்ற வேர் அதன் தூரத்து உறவு. ஆனால் லோகியின் ககரம் லோக்கியின் வல்லொலியாக மாறியிருக்க ஜெர்மானிய ஒலிவிதிகள் இடம் தருவதில்லை. ஜெர்மன் மொழியறிஞர் யாக்கோப் கிரிம், ஜெர்மானியப் புராணங்கள் பற்றி 1835இல் வெளியிட்ட தம் பெருநூலில் இரண்டையும் இணைத்தார். 1869இல் மியூனிக்கில் அரங்கேறிய, நீங்கள் குறிப்பிடும் வாக்னரின் 'ரைன்கோல்ட்' நாடகத்தின் 'லோகே' அந்த இணைப்பின் வாரிசு.

எனினும் லோக்கிக்கும் அடுப்புக்கும் உறவே இல்லை என்று சொல்லிவிட முடியாது. டென்மார்க்கின் ஸ்னாப்டூன் கடற்கரையில் 1950இல் கிடைத்த உலைக்கல்லில், உதடுகள் தைக்கப்பட்ட ஒரு முகம் செதுக்கப்பட்டுள்ளது; குள்ளன் ஒருவன் லோக்கியின் வாயைத் தைத்த கதையை எட்டா சொல்வதால், அது அவனே என்று அறிஞர்கள் கொள்கிறார்கள். நார்வேயின் டெலிமார்க் பகுதியில் அடுப்பில் விறகு வெடித்தால், லோக்கி தன் பிள்ளைகளை அடிக்கிறான் என்பார்களாம்.

பெயரைப் பொறுத்தவரை, முடிச்சு, சிக்கல் ஆகியவற்றோடு அதைப் பொருத்தும் விளக்கமே எனக்கு ஏற்புடையது. ஸ்வீடனின் வட்டார வழக்குகளில் சிலந்திக்கு அதையொத்த பெயர் இருக்கிறது. எட்டாவிலும் தேவர்களிடமிருந்து ஒளிந்திருக்கும் லோக்கி, தீயருகே அமர்ந்து வலை பின்னுகிறான். அவர்கள் நெருங்கியதும் வலையைத் தீயில் எறிந்துவிட்டு, சால்மன் மீனாக ஆற்றில் பாய்கிறான். சாம்பலில் பதிந்திருந்த கண்ணிகளின் வடிவத்தைப் பார்த்தே தேவர்கள் அதேபோல் ஒரு வலையைச் செய்து அவனைப் பிடிக்கிறார்கள்.