காப்பு கட்டிய பிறகு வெளியூரில் இரவு தங்கக் கூடாது என்கிறார்களே, ஏன்?

வேலூர்ப் பக்கத்துக் கிராமங்களில் அம்மன் திருவிழாவுக்கு முன் காப்பு கட்டுவார்கள். மஞ்சளும் வேப்பிலையும் வைத்துக் கட்டியதும் ஊரே விரதத்தில் இறங்கியதாகக் கணக்கு. வீட்டைக் கழுவி, மஞ்சள் தண்ணீர் தெளித்து, வாசலில் வேப்பிலை செருகுவார்கள். கறி, மீன் கிடையாது. வெளியூரில் தங்குபவர் சாவு வீட்டுத் தீட்டோடு திரும்பினால் சுத்தம் கெடும் என்பது நம்பிக்கை. பகலில் வேலைக்குப் போய் வரலாம், இரவு வீடு திரும்பிவிட வேண்டும். அம்மை பரவிய காலத்தில் இது கொஞ்சம் உதவியிருக்கலாம். அதற்காக அறிவியல் என்று தூக்கிப் பிடிக்க வேண்டாம்.

எனக்கு முக்கியமாகப் படுவது திருவிழா வரி. வீட்டுக்கு இவ்வளவு என்று வசூலிப்பார்கள், கொடுத்தவர்தான் ஊர்க்காரர். பெங்களூரில் குடியேறியவர்கூட அதை விடமாட்டார். குடியாத்தம் கெங்கையம்மன் சிரசு திருவிழா வைகாசி முதல் நாள். அன்றைக்கு வெளியூரில் குடியேறிய ஊர்க்காரர்கள் வந்து குவிவதைப் பார்த்தாலே புரியும்.

இதற்கு மறுபக்கமும் உண்டு. ஒரு தெருவிடம் வரி வாங்க மறுத்தால், அல்லது சாமி அந்தப் பக்கம் வராமல் திரும்பினால், நீங்கள் ஊரில் சேர்த்தி இல்லை என்று சொல்லாமல் சொல்வதுதான். திருவிழாச் சண்டைகள் பலவும் இங்கேதான் கிளம்புகின்றன.