பொருளாதார மந்தத்தில் ரோலக்ஸ், ஒமேகா மாதிரி வாட்சுகளை விற்றுவிடலாமா, வைத்திருக்கலாமா?

மந்தம் வந்தால் விலை எவ்வளவு விழும், சேகரிப்பவர்கள் அப்போது என்ன செய்கிறார்கள் என்றும் சேர்த்துக் கேட்டிருக்கிறீர்கள். உங்கள் வீட்டு பீரோவில் ஒன்று இருக்கிறது, பணமும் முடையாக இருக்கிறது என்று வைத்துக்கொண்டே எழுதுகிறேன். கையில் வாட்ச் இல்லாதவருக்கு விற்கும் கவலை வராது.

முதலில் பதிலைச் சொல்லிவிடுகிறேன். வட்டிக்குக் கடன் வாங்காமல் இரண்டு மூன்று வருடம் தாக்குப்பிடிக்க முடியுமானால் வைத்திருங்கள். முடியாது என்றால் சீக்கிரம் விற்றுவிடுங்கள். நல்ல விலை வரட்டும் என்று கடன் மேல் கடன் வாங்கிக்கொண்டு காத்திருக்காதீர்கள். இந்தப் பதிலைச் சொன்னதற்காக எனக்கு ஊரில் கெட்ட பெயர் வந்திருக்கிறது. அதனால்தான் கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன்.

கும்பகோணத்தில் வாட்ச் ரிப்பேர் கடை வைத்திருக்கிறேன், அப்பா காலத்துக் கடை. கும்பகோணத்துக்காரனுக்கு ஜெனீவா சந்தையைப் பற்றி என்ன தெரியும் என்று சிலர் கீழே எழுதுவார்கள். எழுதட்டும். கூத்தாநல்லூர், அதிராம்பட்டினம், நாகூர், மன்னார்குடி என்று எந்தப் பக்கம் போனாலும் சிங்கப்பூர், மலேசியா, துபாய், குவைத் போகாத தெரு கிடையாது. அங்கே ஆள் குறைக்க ஆரம்பித்தால் சில மாதத்தில் என் மேசைக்கு வாட்ச் வந்துவிடும். ரிப்பேருக்கு அல்ல, "இது என்ன விலைக்குப் போகும்?" என்று கேட்க. துபாயில் கட்டட வேலைகள் நின்ற 2009-இல் வந்தன. கொரோனாவில் இன்னும் அதிகமாக வந்தன. செய்தித்தாளைவிட எனக்கு அந்த மேசைதான் முதலில் சேதி சொல்லும்.

சுவிட்சர்லாந்தின் கடிகார ஏற்றுமதி 2008-இல் சுமார் 1,700 கோடி பிராங்க். அடுத்த வருடமே அது 1,320 கோடி பிராங்குக்கு, அதாவது 22 சதவீதத்துக்கு மேல் இறங்கியது. 2020-இலும் ஏறக்குறைய அதே அளவு அடி. அந்த வருடம் ஏப்ரல் மாதத்தை மட்டும் பார்த்தால், முந்தைய ஏப்ரலைவிட 81 சதவீதம் குறைவு. ரோலக்ஸ் தன் தொழிற்சாலைகளை மார்ச் நடுவிலேயே மூடியிருந்தது. இதைப் படிக்கும் எவருக்கும், அப்படியானால் கடையில் விலை பாதியாகியிருக்கும் என்று தோன்றும். ஆகவில்லை. பெரிய பிராண்டுகள் மந்தத்தில் விலையைக் குறைப்பதில்லை, சரக்கைத்தான் குறைக்கின்றன. கார்ட்டியே போன்ற பிராண்டுகளை வைத்திருக்கும் ரிஷ்மோன் குழுமம், ஆசியாவில் விற்பனை படுத்தபோது, 2018 வரையிலான இரண்டு வருடங்களில் சுமார் 48 கோடி யூரோ மதிப்புள்ள கடிகாரங்களைக் கடைகளிடமிருந்து திரும்ப வாங்கிப் பெரும்பகுதியை உடைத்து அழித்தது. தள்ளுபடியில் போய்ப் பெயர் கெடுவதைவிட அழிப்பது மேல் என்பது அவர்கள் கணக்கு. பல் சக்கரம் பல் சக்கரமாகத் துடைத்து மாட்டும் தொழிலில் இருப்பவன் என்பதால் அந்தச் செய்தியை இன்றும் என்னால் சாதாரணமாக எடுத்துக்கொள்ள முடியவில்லை.

ஆக, விழுவது ஷோரூம் விலை அல்ல, கை மாறும் விலை. உங்களைப் போன்றவர் விற்கப் போகும் விலை. அதிலும் விலை விழுவதற்கு முன்னால் வாங்கும் ஆள் காணாமல் போய்விடுகிறார். இணையத்தில் எட்டு லட்சம் என்று போட்டிருக்கும். அது ஒருவர் கேட்கும் விலை, இன்னொருவர் கொடுத்த விலை அல்ல. நல்ல காலத்தில் இரண்டுக்கும் இடைவெளி கொஞ்சம். கெட்ட காலத்தில் அந்த இடைவெளியில்தான் மனிதர்கள் விழுந்துபோகிறார்கள்.

2020 ஜூலையில் கூத்தாநல்லூரிலிருந்து ஒரு பாய் வந்தார். பெயர் வேண்டாம். துபாயில் நல்ல வேலையில் இருந்தவர். சம்பளத்தைப் பாதியாக்கி, பிறகு வேலையையும் எடுத்துவிட்டார்கள். கொரோனாவில் வெளிநாட்டில் சிக்கியவர்களுக்காக அரசு விட்ட வந்தே பாரத் விமானத்தில் ஊர் வந்து, தனிமையில் இருந்து முடித்து, இ-பாஸ் வாங்கிக்கொண்டு என் கடைக்கு வந்தார். கையில் ரோலக்ஸ் சப்மரைனர், தேதி காட்டும் கறுப்பு டயல், 116610 மாடல். பதவி உயர்வு கிடைத்த வருடம் துபாயில் வாங்கியது. பாதி நின்றுபோன வீடு, கான்ட்ராக்டருக்குப் பாக்கி, இரண்டு பிள்ளைகளுக்கு ஸ்கூல் ஃபீஸ்.

என்னிடம் வருவதற்கு முன்பே அவர் அடகுக் கடைகளுக்குப் போயிருந்தார், வங்கிக்கும் போயிருந்தார். "தங்கம் இருந்தா கொண்டாங்கன்னு சொல்றாங்க அண்ணே. இது தங்கத்தைவிட விலை கூடன்னு சொன்னா சிரிக்கிறாங்க" என்றார். அவர்கள் சிரித்தது தப்பு, ஆனால் கணக்கு சரி. அடுத்து வந்த ஆகஸ்டில் தங்கம் அதுவரை காணாத உச்சத்தில் இருந்தது. ரிசர்வ் வங்கி நகைக் கடனை மதிப்பில் 90 சதவீதம் வரை கொடுக்கலாம் என்று அனுமதித்ததும் அந்த மாதம்தான். மந்தத்தில் தங்கத்துக்கு மரியாதை கூடுகிறது. உரசிப் பார்த்து அரை மணியில் பணம் கொடுக்க ஒவ்வொரு தெருவிலும் ஆள் இருக்கிறது. வாட்சை மதிப்பிட நம் ஊரில் யார் இருக்கிறார்கள்? மதிப்பிடத் தெரியாத பொருளுக்கு எவரும் கடன் தரமாட்டார். அவர் மனைவியின் நகைகள் ஏற்கெனவே வங்கியில் இருந்தன. "புள்ளை காதுல கிடக்குறது மட்டும்தான் மிச்சம். அதைக் கேக்க மனசு வரலை" என்றார்.

சென்னை வியாபாரி ஒருவரிடம் பேசிப் பார்த்தேன். நாலரை லட்சம் என்றார். பெட்டி இருக்கிறது, வாரண்டி கார்டு இருக்கிறது, கழற்றிய செயின் கண்ணிகள்கூட இருக்கின்றன என்றேன். "சார், இப்ப யார் வாங்குறா?" என்று வைத்துவிட்டார். பிறகு திருச்சியில் எனக்குப் பழக்கமான ஒரு டாக்டர், பல வருடமாகச் சேகரிப்பவர், ஐந்தே முக்கால் லட்சம் கொடுத்து வாங்கிக்கொண்டார். பணம் வங்கி வழியாகப் போனது. நான் அதில் ஒரு ரூபாய்கூட எடுக்கவில்லை. இதை அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது.

விற்று ஒரு மாதம்கூட ஆகவில்லை. செப்டம்பர் 1 அன்று ரோலக்ஸ் 41 மில்லிமீட்டரில் புது சப்மரைனரை அறிவித்தது, 116610 தயாரிப்பு நின்றது. நின்றுபோன மாடலுக்கு உடனே கிராக்கி. உலகமெங்கும் வீட்டில் அடைந்து கிடந்தவர்கள் கையில் செலவாகாத பணம், வட்டி விகிதமோ அடிமட்டத்தில், கூடவே கிரிப்டோ லாபம். 2022 தொடக்கத்தில் அதே வாட்ச் பத்தரை லட்சத்துக்குக் கை மாறியது. யாரோ பாயின் மச்சானிடம் சொல்லியிருக்கிறார்கள். அவர் கடைக்கே வந்து, பத்துப் பேர் முன்னால், "டாக்டரும் நீயும் சேர்ந்து எங்க அத்தானை ஏமாத்திட்டீங்க" என்றார்.

அன்றைக்கு அவருக்குச் சொன்ன பதிலையே இங்கும் எழுதுகிறேன். பாய்க்கு அப்போது கிடைக்கக்கூடிய ஒரே கடன் நூற்றுக்கு மாதம் ஐந்து வட்டி. ஐந்தே முக்கால் லட்சத்துக்கு மாதம் 28,750 ரூபாய். பதினெட்டு மாதத்துக்கு 5,17,500 ரூபாய். விலை ஏறியது நாலே முக்கால் லட்சம். அதாவது வாட்சைப் பிடித்து வைத்திருந்து, ஏறத்தாழ உச்சத்திலேயே விற்றிருந்தாலும் கைக்காசுதான் போயிருக்கும். உச்சம் எந்த மாதம் என்று எவருக்கும் முன்கூட்டித் தெரியாது. இன்னும் ஒரு வருடம் தாமதித்திருந்தால் விலையும் இறங்கியிருக்கும், வட்டியும் ஏறியிருக்கும். டாக்டரால் காத்திருக்க முடிந்தது, பாயால் முடியாது. வாட்ச் ஒன்றுதான், இரண்டு பேருக்கும் அதன் மதிப்பு ஒன்றல்ல. பாய் இன்றுவரை என்னிடம் ஒரு வார்த்தை குறையாகப் பேசியதில்லை, மறுபடி வேலைக்குப் போய் வீட்டையும் முடித்துவிட்டார். மச்சான் மட்டும் இன்னும் பேசுவதில்லை.

இடையில் ஒன்று சொல்லியே ஆக வேண்டும். காத்திருக்க முடியாதவன் கையில் இருக்கும் சரக்கு எப்படி மலிந்துபோகும் என்பதை டெல்டாக்காரனுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. திருப்பனந்தாள் பக்கம் எனக்கும் கொஞ்சம் நிலம் இருக்கிறது. குறுவை அறுக்கும் நேரத்தில் ஐப்பசி மழை பிடித்துக்கொள்கிறது. கொள்முதல் நிலையத்தில் ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு மேல் இருந்தால் எடுக்கமாட்டார்கள். தளர்வு அறிவிப்பு வருவதற்குள் தார்ப்பாய்க்கு அடியிலேயே நெல் முளைத்துவிடும். மூட்டைக்கு இவ்வளவு என்று கை நீட்டுபவர்களைப் பற்றி நான் என்ன எழுத? சாலையில் கொட்டிக் காய வைத்துக்கொண்டு இரவெல்லாம் காவல் கிடக்கும் விவசாயியிடம் தனியார் வியாபாரி வந்து கேட்கும் விலை இருக்கிறதே, அதைக் கேட்டவனுக்குத்தான் அந்த வயிற்றெரிச்சல் புரியும். ஒரு குடோன், ஒரு உலர்த்தும் களம், சரியான நேரத்தில் ஒரு லாரி. இவ்வளவுதான் கேட்கிறோம். வருடாவருடம் கேட்கிறோம். கேள்விக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்பீர்கள், என்னால் பிரித்துப் பார்க்க முடியவில்லை.

சேகரிப்பவர்களைப் பற்றிக் கேட்டீர்கள். நான் பார்த்தவரை உண்மையான சேகரிப்பாளர்கள் மந்தத்தில்தான் வாங்குகிறார்கள், சத்தமில்லாமல். சத்தத்தோடு வாங்குகிறவர்கள் விலை ஏறும்போது வருகிறவர்கள். பட்டேக் பிலிப் என்ற சுவிஸ் கம்பெனி தன் நாட்டிலஸ் 5711 மாடலை 2021-இல் நிறுத்தப்போவதாக அறிவித்ததும் அதன் வெளி விலை ஷோரூம் விலையைப் போலப் பல மடங்காகப் பறந்தது. 2022 வசந்தத்துக்குப் பிறகு கிரிப்டோ சரிந்தது, வட்டி ஏறியது, அந்த விலையும் மளமளவென்று இறங்கியது. உச்சத்தில் வாங்கியவர்களில் முதலீடு என்று யூடியூப் பார்த்து வாங்கிய இளைஞர்கள் நம் பக்கமே உண்டு. அவர்களை நான் குறை சொல்லவில்லை, அந்த வீடியோ போட்டவர்களைச் சொல்கிறேன். 2024-இல் சீனாவுக்குப் போன சுவிஸ் கடிகார ஏற்றுமதி கால் பங்கு குறைந்தது. அங்கே வாங்குபவர் சுருங்கினால் இங்கே உங்கள் பீரோவில் இருக்கும் வாட்சுக்கும் விலை அசையும்.

நமக்கு மட்டும் ஒரு சின்ன ஆறுதல் உண்டு. மந்தம் வந்தால் ரூபாயும் பெரும்பாலும் சரியும். 2008 தொடக்கத்தில் டாலர் 40 ரூபாய்க்குள் இருந்தது, 2009 மார்ச்சில் 50-ஐத் தாண்டிவிட்டது. டாலரில் இருபது சதவீதம் விழுந்த வாட்ச் ரூபாயில் பெரிதாக விழாத மாதிரித் தெரிந்தது அதனால்தான். பிராங்கும் நெருக்கடியில் வலுக்கும் பணம். பிராங்க் வலுத்துப் புது வாட்சின் விலை ஏற ஏற, அது பழையதன் விலையையும் கொஞ்சம் தூக்கிப் பிடிக்கும்.

ஆனால் எல்லா மந்தமும் மீண்டுவிடும் என்று எவரும் சொன்னால் நம்பாதீர்கள். 1969 கடைசியில் ஜப்பானின் செய்கோ, பேட்டரியில் ஓடும் குவார்ட்ஸ் வாட்சைக் கொண்டுவந்தது. அதன் பின்னாலேயே எண்ணெய் விலையேற்றம், பிராங்கின் ஏற்றம். 1970-இல் சுமார் 90,000 பேர் வேலை செய்த சுவிஸ் கடிகாரத் தொழிலில் 1980களின் நடுவில் முப்பதாயிரத்தைச் சுற்றித்தான் மிஞ்சினார்கள். எத்தனையோ பெயர்கள் திரும்பி வரவே இல்லை. கல்யாணத்துக்கு மாப்பிள்ளைக்குப் போட்ட சாவி கொடுக்கும் வாட்சுகளைக் கொடுத்துவிட்டு, பேட்டரி வாட்ச் வாங்கிப் போனவர்களை அப்பா கடையில் நான் பார்த்திருக்கிறேன். இன்று ஃபாவர் லூபா, வெஸ்ட் எண்ட் என்று அந்தக் காலத்து சுவிஸ் வாட்சுகளைத் தேடி அலைகிறார்கள். மும்பையிலிருந்து டயலுக்குப் புதுப் பெயின்ட் அடித்து வரும் பழைய வாட்சுகளைத்தான் அதிகமும் வாங்குகிறார்கள் என்பது வேறு வருத்தம். எச்.எம்.டி. ஜனதாவும் அப்படித்தான். கம்பெனி ஓடியபோது சீண்டாதவர்கள், 2016-இல் மூடியதும் தேடினார்கள்.

விற்பது என்று முடிவெடுத்தால் சில காரியங்கள். பளபளப்பாக இருக்கட்டும் என்று பாலிஷ் போடாதீர்கள். கேஸின், அதாவது வாட்சின் வெளிக்கூட்டின், ஓரங்கள் மழுங்கினால் சேகரிப்பவர் விலையை அங்கேயே வெட்டுவார். பெட்டி, வாரண்டி கார்டு, பில், கழற்றிய கண்ணிகள், சர்வீஸ் ரசீது எல்லாவற்றையும் முதலில் தேடி எடுங்கள். வெளிநாட்டிலிருந்து வந்தது என்றால் சுங்கம் கட்டிய ரசீதையும் கேட்பார்கள். மூன்று பேரிடமாவது விலை கேளுங்கள், அதில் ஒருவர் வியாபாரியாக இல்லாமல் சேகரிப்பவராக இருக்கட்டும். அவசரத்தைக் காட்டிக்கொள்ளாதீர்கள். 2 லட்சமோ அதற்கு மேலோ ரொக்கமாகக் கையில் வாங்காதீர்கள், வாங்கிய தொகை அளவுக்கே வருமான வரிச் சட்டத்தில் அபராதம் உண்டு. படம் போட்டு விலை கேட்டால் பார்த்துச் சொல்கிறேன். வரிசை எண் தெரியும்படி மட்டும் பொதுவில் போடாதீர்கள், போலி வாட்ச் செய்கிறவர்கள் அந்த எண்ணைத்தான் எடுத்துப் பொறிக்கிறார்கள்.