பனியில் புதைந்த வண்டியைத் தோண்டி எடுக்க மெக்கானிக் எதற்கு?

அண்டார்டிகாவில் வண்டி பனிக்குள் புதைந்தால் மம்பட்டியால் தோண்டினால் போதாதா, ராணுவ மெக்கானிக்கை எதற்கு அனுப்புகிறார்கள் என்று கேட்டிருக்கிறீர்கள். பனியே விழாத ஊர்க்காரர் நீங்கள் என்று நினைக்கிறேன். நானும் அப்படித்தான், தக்கலைப் பக்கம். அண்டார்டிகாவில் இருக்கும் நம் நாட்டு ஆராய்ச்சி நிலையமான மைத்ரியில் ஒரு குளிர்காலம் முழுக்க மெக்கானிக்காக வண்டி பார்த்தவன்.

சூரியனே வராத மாதங்கள் அவை. ஒரு பனிப்புயல் ஓய்ந்து வெளியே போனால் பிஸ்டன்புல்லி, அதாவது சக்கரத்துக்குப் பதில் அகலமான டிராக்கில் பனிமேல் ஓடும் வண்டி, நின்ற இடத்தில் பனிமேடுதான் இருந்தது. பக்கத்தில் நட்டிருந்த மூங்கில் கம்பை வைத்துத்தான் இடம் கண்டோம். டோசரை ஓரளவு தூரத்திலேயே நிறுத்திவிட்டோம். பிளேடு பட்டால் ரப்பர் டிராக் கிழியும். மிச்சமெல்லாம் கைவேலை.

தோண்டுவது சுலபம்தான், அதில் சண்டைக்கு வரமாட்டேன். ஆனால் பானெட்டைத் திறந்தால் இன்ஜின் கண்ணிலேயே படவில்லை. காற்றடித்த பனி அரிசிமாவு மாதிரி நைசு, மயிரிழை இடுக்கு போதும், உள்ளே போய் இறுகிவிடும். அப்படியே ஸ்டார்ட் செய்தால் ஃபேன் உடையும், பெல்ட் அறும். தப்பித் தவறி ஓடினாலும், சூட்டில் உருகிய தண்ணீர் நிறுத்தியதும் மறுபடி உறைந்து எல்லாவற்றையும் பூட்டிவிடும். அதனால் கையாலும் பிரஷ்ஷாலும் வழித்து, தார்ப்பாய் மூடி, சூடான காற்றை ஊதி, ஈரம் போன பிறகுதான் அறைக்குள் சூடாக வைத்திருந்த பேட்டரியை மாட்டினோம். டிராக் தரையோடு ஒட்டியிருந்தது. "ஒரே இழுப்பா இழுத்துரலாம் அண்ணே" என்றான் கூட இருந்த பையன். "விடு மக்களே, ஸ்ப்ராக்கெட் பல்லு போயிரும்" என்று தடுத்தேன். டிராக்கைச் சுழற்றும் பல்சக்கரம் அது. சுற்றிலும் ஐஸைக் கொத்தி விடுவித்து, முன்னும் பின்னும் மெல்ல அசைத்துத்தான் எடுத்தோம். உதிரிபாகம் கேட்டால் அடுத்த கப்பலில்தான் வரும்.

"சியாச்சினில் இதைவிடக் கஷ்டம்" என்று யாராவது எழுதுவார்கள். இருக்கட்டும், நான் என் வேலையைச் சொல்கிறேன்.

கேள்விக்கு வருகிறேன். புதையாமல் நிறுத்துவதும் மெக்கானிக் வேலைதான். வண்டிகளைக் காற்றுக்குக் குறுக்கே ஒரே வரிசையில், இடைவெளி விட்டு நிறுத்த வேண்டும். ஒன்றன் பின் ஒன்றாக விட்டால் முன்வண்டியின் மறைவில் சேரும் பனி பின்வண்டியை மூடும்.