யாழ்ப்பாண நூலக எரிப்பைப் போரின் தொடக்கமாகப் பலர் கருதுவது ஏன்?

துவக்குச் சத்தம் அதற்கு முன்பே கேட்டிருந்தது; ஆயினும் எங்கள் வீட்டுப் பெரியவர்கள் 1981 மே 31 இரவையே முதலில் சொல்வார்கள். ஏறத்தாழ 97,000 நூல்களும், மறுபிரதியே இல்லாத ஏட்டுச்சுவடிகளும் எரிந்த அந்த இரவுக்குப் பின், கருகிய தாள்கள் முற்றத்தில் வந்து விழுந்ததை அம்மம்மா இன்றும் கையை விரித்துக் காட்டியே சொல்வார். படிப்பையே முதுசமாக எண்ணிய ஊருக்கு, பேச்சுவார்த்தையில் மீதமிருந்த நம்பிக்கையும் அத்துடன் தளர்ந்தது. 1983 ஜூலை 23 இரவு யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் 13 இலங்கைப் படையினர் கொல்லப்பட்டதைத் தொடர்ந்து, அதனுடன் எந்தத் தொடர்பும் இல்லாத தமிழர்கள் கொழும்பிலும் பிற இடங்களிலும் கொல்லப்பட்டார்கள். உயிர் தப்பியவர்கள் கப்பலேறி வடக்கே காங்கேசன்துறைத் துறைமுகத்தில் வந்திறங்கினார்கள். அதன் பின்னரே இளைஞர்கள் பெருந்தொகையாக ஆயுதப் போராட்ட இயக்கங்களில் சேர்ந்தார்கள்; போர் 2009 மே வரை நீண்டது.