இன்சுலின் தொடங்கியாச்சு, உடற்பயிற்சி செய்யலாமா?

முப்பது, நாற்பது வயதில் டைப் 1 நீரிழிவு (கணையத்தில் இன்சுலின் சுரப்பு ஏறக்குறைய நின்றுபோகும் வகை) என்று தெரிந்து, இப்போதுதான் இன்சுலின் போடத் தொடங்கியவர்கள் அனுப்பிய கேள்விகள் இவை. நானும் டைப் 1 உள்ளவள்தான். நீரிழிவு ஆலோசகராக வேலை பார்க்கிறேன். ஊசி அளவை மாற்றும் முன் உங்கள் டாக்டரிடம் கட்டாயம் கேளுங்கள்.

கேள்வி: சாயங்காலம் ஊசி போட்டு, மூன்று இட்லி சாப்பிட்டுவிட்டு நடக்கப் போனேன் மேடம். அரை மணி நேரத்தில் கை நடுங்கி, சட்டையெல்லாம் நனைந்துவிட்டது. சுகர் 58. நடப்பதே எனக்கு ஆகாதா?

நடையில் தப்பில்லை, நேரம்தான் இடித்தது. நீரிழிவு இல்லாதவர் நடக்க ஆரம்பித்தால் கணையம் உடனே இன்சுலினைக் குறைத்துக்கொள்ளும். நாம் போட்ட ஊசியை அப்படித் திரும்ப எடுக்க முடியாது. வேகமாக வேலை செய்யும் இன்சுலின் ஒன்றிலிருந்து இரண்டு மணி நேரத்துக்குள் உச்சத்தில் இருக்கும். அதே நேரத்தில் நடக்கும் கால் தசைகளும், இன்சுலின் உதவி இல்லாமலேயே, சர்க்கரையை இழுக்கும். கல்லீரல் சர்க்கரையை வெளியே விட்டு ஈடுகட்டலாம் என்றால், ரத்தத்தில் இருக்கும் இன்சுலின் அதையும் தடுத்துவிடும்.

இரண்டு வழி இருக்கிறது. காலையில் சாப்பாட்டு ஊசிக்கு முன்பே நடந்துவிடுங்கள். அப்போது உடம்பில் இன்சுலின் குறைவு, லோ ஆகும் (சுகர் அளவுக்கு மீறி இறங்கும்) வாய்ப்பும் குறைவு. சாப்பிட்ட ஒன்றரை மணி நேரத்துக்குள் நடந்துதான் ஆக வேண்டும் என்றால், அந்த வேளை ஊசியைக் குறைக்க வேண்டும். 6 யூனிட் போடுகிறவருக்கு டாக்டர் 3 அல்லது 4 என்று சொல்லக்கூடும். வேகமாக வேலை செய்வதும் மெதுவாக வேலை செய்வதும் கலந்த 30/70 இன்சுலின் போடுகிறவர்களுக்கு இது அவ்வளவு எளிதில்லை. அதில் ஒரு பாகத்தை மட்டும் குறைக்க முடியாது என்பதால், நடக்கும் முன் வாழைப்பழம் மாதிரி ஏதாவது சாப்பிட்டுக்கொள்வதே நல்லது.

கேள்வி: எவ்வளவு சுகர் இருந்தால் கிளம்பலாம்?

126 முதல் 180 வரை இருந்தால் தயங்காமல் கிளம்புங்கள். 90க்குக் கீழே என்றால் 10 முதல் 20 கிராம் குளுக்கோஸ் எடுத்து, சுகர் ஏறிய பிறகு போங்கள். முந்தைய 24 மணி நேரத்தில், அடுத்தவர் உதவி தேவைப்படும் அளவுக்கு லோ ஆகியிருந்தால் அன்று ஓய்வு.

கேள்வி: சுகர் 310. “நல்லா ஒரு மணி நேரம் நட, இறங்கிடும்” என்கிறார் மாமியார். அவருக்கு இருப்பது டைப் 2. நடக்கட்டுமா அக்கா?

வேண்டாம்மா, முதலில் கீட்டோன் பாருங்கள். அவர் அக்கறையோடுதான் சொல்கிறார், டைப் 2இல் பெரும்பாலும் உடம்பு கொஞ்சமாவது இன்சுலின் சுரக்கும் என்பதால் அவருக்கு அது சரியாகவும் இருக்கலாம். ஆனால் நமக்கு சுகர் 270ஐத் தாண்டினால் முதல் சந்தேகம் இன்சுலின் பற்றாக்குறை. இன்சுலின் இல்லாத உடம்பு கொழுப்பை உருக்கும், கீட்டோன் என்ற அமிலம் ரத்தத்தில் சேரும். அந்த நிலையில் நடந்தால் சுகரும் ஏறும், கீட்டோனும் ஏறும். சிறுநீரில் பார்க்கும் ஸ்ட்ரிப் மருந்துக் கடையில் கிடைக்கும். ரத்தத்தில் பார்க்கிறீர்கள் என்றால் 1.5 mmol/Lக்கு மேல் போனால் உடற்பயிற்சியே கூடாது, டாக்டரைக் கூப்பிடுங்கள். கூடவே வாந்தி, வயிற்று வலி, மூச்சு வாங்கல் இருந்தால் நேராக ஆஸ்பத்திரி. இதை மட்டும் வீட்டில் எல்லோருக்கும் சொல்லி வையுங்கள்.

கேள்வி: ஜிம்மில் வெயிட் தூக்கினால் 140 இருந்தது 210 ஆகிறது. ஊசி போடலாமா?

அவசரப்பட வேண்டாம். கடுமையாக முக்கும்போது அட்ரினலின் சுரந்து, கல்லீரல் சர்க்கரையைக் கொட்டுகிறது. பெரும்பாலும் ஒன்றிரண்டு மணி நேரத்தில் தானே இறங்கும். முதலில் வெயிட், அப்புறம் சைக்கிள் என்று வரிசையை வைத்துக்கொண்டால் சுகர் அவ்வளவாக ஆடாது.

கேள்வி: ஞாயிறு சாயங்காலம் ஷட்டில் விளையாடினால் ராத்திரி மூன்று மணிக்கு லோ. ஏன்?

விளையாட்டில் காலியான தசைகள் ராத்திரி முழுக்கச் சர்க்கரையை நிரப்பிக்கொள்கின்றன. விளையாடி ஆறு முதல் பதினைந்து மணி நேரம் வரை இந்த ஆபத்து உண்டு. அன்று படுக்கும் முன் சுகர் பார்த்து, ஏதாவது சாப்பிட்டுவிட்டுப் படுங்கள். ராத்திரி ஊசியை 20 சதவீதம் குறைக்கலாமா என்று டாக்டரிடம் கேளுங்கள். அன்றைக்கு மது கூடவே கூடாது. லோ ஆகும்போது கல்லீரல் கைகொடுக்காமல் போய்விடும்.

கேள்வி: போன மாதம் சரியாக இருந்த அதே ஊசி, அதே நடை, இப்போது லோ ஆக்குகிறது. நோய் குணமாகிறதா?

குணமாகவில்லை. இன்சுலின் தொடங்கிய சில வாரங்களில், இன்சுலின் சுரக்கும் கணைய செல்களில் மிச்சம் இருப்பவை கொஞ்ச காலம் தெம்பாக வேலை செய்யும். ஹனிமூன் காலம் என்பார்கள். அளவைக் குறைக்க வேண்டியிருக்கும், ஆனால் ஊசியை நிறுத்திவிடாதீர்கள்.

கேள்வி: கிளப் கிரிக்கெட்டில் வேகப்பந்து போடுகிறேன். விட்டுவிடவா?

எதற்கு விட வேண்டும்? பாகிஸ்தான் வேகப்பந்து வீச்சாளர் வாசிம் அக்ரமுக்கு 1997இல் டைப் 1 என்று தெரிந்தது. 2003 உலகக் கோப்பையில் ஒருநாள் போட்டிகளில் 500வது விக்கெட்டை எடுத்தார். நீங்கள் ஒவ்வொரு டிரிங்க்ஸ் பிரேக்கிலும் சுகர் பாருங்கள். பாக்கெட்டில் குளுக்கோஸ் பொட்டலம் இருக்கட்டும். சாக்லேட் வேண்டாம், அதில் உள்ள கொழுப்பு சர்க்கரை ஏறுவதைத் தாமதப்படுத்தும். லோ ஆனால் 15 கிராம் எடுத்து, 15 நிமிடம் கழித்துத் திரும்பப் பாருங்கள். இன்சுலின் பேனாவை வெயிலில் நிற்கும் பைக் பெட்டியில் வைக்காதீர்கள். கேப்டனிடம் விஷயத்தைச் சொல்லுங்கள்: நீங்கள் மயங்கி விழுந்தால் வாயில் எதையும் ஊற்றக் கூடாது, ஒருக்களித்துப் படுக்க வைத்து 108ஐ அழைக்க வேண்டும்.